தேசி மரத்தின் காவலர்கள்



கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்னும் வன்னிப் பெருநிலப்பரப்பிலே எவ்வூருக்குச் சென்றாலும், கிணற்றடியிலோ வேலியோரத்திலோ தேசிமரம் ஒன்று நிற்கக் காணலாம். தமிழகத்தார் எலுமிச்சை என வழங்குவதையே நாம் தேசி என்கின்றோம். கறிக்கும் ஊறுகாய்க்கும் கைமருந்துக்கும் கோயிற் காரியங்களுக்கும் வேண்டப்படுவது அது. சில காணிகளிலே தோடையும் நாரத்தையும் உடன் நிற்கும். காய்க்கு விலை ஏறும் மாதங்களிலே, நன்றாகக் காய்த்த இரண்டு மரங்கள் ஒரு குடும்பத்தின் கைச்செலவைத் தாங்கிவிடும். இத்தகைய மரங்களைப் பூச்சிகளினின்றும் காப்பது எவ்வாறு என்பது பற்றியே இன்று சில சொல்ல விரும்புகின்றேன்.

இதனை ஒரு விவசாய உத்தியோகத்தர் சொல்வதே முறை என்று தங்களுட் சிலர் எண்ணக்கூடும். நான் வரலாறு கற்பித்து வந்த ஆசிரியர்களுள் ஒருவன். ஆயினும் இவ்விடயத்திற்கு நீண்டதொரு வரலாறு உண்டு. தோடை இன மரங்களைக் காக்க மனிதர் செய்த முயற்சிகள் ஏறத்தாழ 1700 ஆண்டுகளாகத் தொடர்கின்றன. அவ்வரலாறு திரும்பத் திரும்ப எடுத்துரைக்கும் உண்மை ஒன்றே. மரத்திலுள்ள பூச்சிகள் யாவும் பகைவரல்ல. அவற்றுட் காவலரும் உளர். காவலரைக் கொன்றவன் பகைவரை வளர்த்தவனாகின்றான்.

முதலிற் பகைவர் யாவர் எனப் பார்ப்போம். தேசித் தளிரிலே முட்டையிடும் வண்ணத்துப்பூச்சியை நம் சிறுவர்கள் நன்கறிவர். அதன் புழு இளமையிற் பறவையின் எச்சம் போலத் தோன்றும். முதிர்ந்தபின் இலையின் பச்சை நிறத்தைக் கொள்ளும். தீண்டினால் தலைப்புறத்தே இரு கொம்புகளை நீட்டிக் கடுநெடி பரப்பும். இலையின் மெல்லிய தோலுக்குள்ளே வெள்ளிக் கம்பி வளைந்தாற்போலச் சுரங்கமிட்டுச் செல்வது மற்றொரு சிறு புழு. தளிரிலே கூட்டமாய் அமர்ந்து சாறுறிஞ்சுவது அழுக்கணவன். கொப்புகளிற் செதில்போல ஒட்டிக்கொண்டு, அசையாமலே இருந்து சாறு குடிப்பன செதிற்பூச்சிகள். சாறுண்ணும் இப்பூச்சிகள் கழிக்கும் இனிப்பு நீரிலே கரும்பூஞ்சணம் படர்ந்து, இலை கரி பூசினாற்போல ஆகிவிடும்.

இனிக் காவலர் யாவர்? அழுக்கணவனையும் செதிற்பூச்சியையும் உண்ணும் பொறிவண்டு முதலாவது. வண்டினும் மிகுதியாக உண்பது முதலைக் குட்டி போன்ற வடிவினதாகிய அதன் புழு. இதனைத் தீய புழுவென்று கருதி நசுக்கிவிடுவோர் பலர். கண்ணாடி போன்ற மென்சிறகுடைய பச்சைப்பூச்சியின் புழுவும், பூவின்மேல் அந்தரத்தில் நின்று பறக்கும் ஈயின் புழுவும் அழுக்கணவனைத் தின்பனவே. இவற்றோடு, ஊசிமுனை அளவினவாய்க் கண்ணுக்கு எளிதிற் புலப்படாத சிறு குளவிகள் பல உள. அவை பகைப்பூச்சியின் முட்டையினுள்ளோ உடலினுள்ளோ தம் முட்டையை இடுகின்றன. பிறக்கும் குஞ்சு பகைவனை உள்ளிருந்தே தின்று வெளிவருகின்றது. சிலந்திகளும் நாமெல்லாம் கடிபட்டறிந்த முசுறும் இக்காவற்படையைச் சேர்ந்தனவே.

முசுற்றைக் கொண்டே வரலாற்றைத் தொடங்கலாம். கி.பி. 304 ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டதாகக் கொள்ளப்படும் சீன நூலொன்று, தென்னாட்டுத் தாவரங்களைப் பற்றியது. அதன் ஆசிரியர் ஜி ஹான் என்பவர். சீனத்தின் தென்கோடியிலும் இன்றைய வியட்நாமின் வடபகுதியிலும் வாழ்ந்த மக்கள், செம்மஞ்சள் நிறமான எறும்புகளைக் கூட்டோடும் கொப்போடும் பைகளிலிட்டுச் சந்தையில் விற்றனர் என்று அந்நூல் கூறுகின்றது. தோடை வளர்ப்போர் அவற்றை வாங்கி மரங்களில் விட்டனர். அவ்வெறும்பு இல்லையேல் பழமெல்லாம் பூச்சியாற் கெட்டு, பழுதற்றது ஒன்றும் எஞ்சாது என்பது அவர்தம் அனுபவம். பிற்காலத்தவர் மரத்திலிருந்து மரத்துக்கு மூங்கிற் கழிகளைப் பாலமாக வைத்து, எறும்பு தோட்டம் முழுதும் உலாவ வழிசெய்தனர். பயிரைக் காக்க ஓர் உயிரை மனிதர் வேண்டுமென்றே பயன்படுத்தியமைக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் இஃதொன்று.

அவ்வெறும்பு வேறெதுவுமன்று, நம் மாமரத்திலும் தேசிமரத்திலும் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறேயாம். சங்கச் சான்றோர் இதனை முயிறு என வழங்கினர். சீனத்தார் விலை கொடுத்து வாங்கிய அதே எறும்பை நாம் பந்தம் கொளுத்திச் சுட்டுவிடுகின்றோம். காய் பறிப்போரை அது கடித்து வருத்துவது உண்மை. செதிற்பூச்சி கழிக்கும் இனிப்பு நீரை விரும்பி அப்பூச்சிகளை அது பேணுவதும் உண்டு. ஆதலின் முசுறு குற்றமற்ற காவலன் என்று நான் கூறவில்லை. ஆயினும் புழுக்களையும் இலைதின்னும் வண்டுகளையும் மரத்தை அணுகவிடாமற் காப்பதில் அதற்கு நிகரானவை சிலவே. வியட்நாமின் மீக்கொங் கழிமுகத்துத் தோடை வளர்ப்போர் இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இவ்வெறும்பைப் பேணி வந்தனர். எறும்பு பேணியோர் மருந்துக்குச் செலவிட்ட பணம் ஏனையோரினும் குறைவாயிருந்தமையை ஆராய்ச்சியாளர் கண்டனர்.

பழங்காலத்திலே பூச்சியும் அதன் பகைவனும் ஓரிடத்தே பிறந்து ஓரிடத்தே வளர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நீராவிக் கப்பல்கள் கண்டத்துக்குக் கண்டம் நாற்றுகளை ஏற்றிச் சென்றபோது இந்நிலை மாறியது. நாற்றோடு பூச்சியும் சென்றது. ஆனால் பூச்சியை உண்ணும் பகைவன் பிறந்தகத்திலேயே தங்கிவிட்டான். தடுப்பாரற்ற நாட்டை அடைந்த பூச்சி பெருகித் தோட்டங்களை அழித்தது. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே நிகழ்ந்தது இதுவே.

1868 ஆம் ஆண்டளவில், அவுஸ்திரேலியாவுக்குரிய ஒருவகைச் செதிற்பூச்சி வேலமர இனமொன்றின் நாற்றுகளோடு கலிபோர்ணியாவை அடைந்தது. பஞ்சு மெத்தை போன்ற வெண்மையான பையிலே நூற்றுக்கணக்கான செம்முட்டைகளைச் சுமக்கும் பூச்சி அது. இருபதாண்டுகளுள் அது தென்பகுதியிலுள்ள தோடைத் தோட்டங்களை மூடிவிட்டது. மரங்கள் பனி பெய்தாற்போல வெளுத்து நின்றன. எண்ணெயும் சவர்க்காரமும் நச்சுப்புகையும் பயனளிக்கவில்லை. பலர் தம் மரங்களை வெட்டி எரித்தனர். காணியின் விலையும் வீழ்ந்தது.

அக்காலத்தில் ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் பூச்சியியற் பிரிவுக்குத் தலைவராயிருந்தவர் சாள்ஸ் றைலி. பூச்சியின் பிறந்தகத்துக்குச் சென்று அதன் பகைவனைக் கொணர்வதே வழியென்று அவர் கருதினார். ஆனால் திணைக்கள உத்தியோகத்தர் அரச செலவில் வெளிநாடு செல்லலாகாதென அந்நாட்டுக் காங்கிரஸ் தடைவிதித்திருந்தது. அந்நேரத்தில் மெல்போர்ண் நகரிலே சர்வதேசக் கண்காட்சி ஒன்று நடைபெறவிருந்தது. அதற்குச் செல்லும் அமெரிக்கத் தூதுக்குழுவின் செலவிலே, அல்பேட் கோபெலே என்னும் பூச்சியியலாளர் 1888 ஆகஸ்ட் மாதத்தில் கப்பலேறினார்.

கோபெலே முதலில் அனுப்பியவை, செதிற்பூச்சியின் உடலிலே வளரும் ஒருவகைச் சிறு ஈக்கள். அவ்வாண்டு ஒக்டோபரில் அடிலெயிட் நகரத் தோட்டமொன்றிலே, செந்நிறமும் கருநிறமும் கலந்த சிறு பொறிவண்டு ஒன்று அச்செதிற்பூச்சியைத் தின்பதை அவர் கண்டார். நவம்பர் இறுதியில் 28 வண்டுகள் லொஸ் ஏஞ்சல்ஸ் வந்து சேர்ந்தன. டிசம்பரில் 44, அடுத்த ஜனவரியில் 57 என மேலும் இரு தொகுதிகள் வந்தன. ஆக, முதல் மூன்று தொகுதிகளின் கூட்டுத்தொகை 129. பூச்சி பற்றிய ஒரு தோடைமரத்தைத் துணிக்கூடாரத்தால் மூடி, இவ்வண்டுகளை அதனுள் விட்டார்கள்.

சில மாதங்களில் அம்மரம் தூய்மையாயிற்று. கூடாரத்தைத் திறந்துவிட, வண்டுகள் அயல் மரங்களுக்குப் பரவின. தோட்டக்காரர்கள் பெட்டிகளோடு வந்து வண்டுகளைப் பெற்றுச் சென்றனர். 1889 ஜூன் மாதத்துக்குள் 10,555 வண்டுகள் 208 பேருக்குப் பங்கிடப்பட்டன. லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்திலிருந்து அனுப்பப்பட்ட தோடம்பழம் ஓராண்டிலே 700 புகையிரதப் பெட்டிகளிலிருந்து 2,000 பெட்டிகளாக உயர்ந்தது. கோபெலேயின் பயணத்துக்கும் ஏனையவற்றுக்கும் ஆன செலவு சில ஆயிரம் டொலர்களே. நன்றியுணர்ந்த தோட்டக்காரர்கள் அவருக்குப் பொன்கடிகாரமும் அவர் மனைவியாருக்கு வைரத் தோடுகளும் பரிசளித்தனர்.

இவ்வண்டு வென்றமைக்குக் காரணம் என்ன? அது வேறெதனையும் பெரிதும் நாடாமல் இச்செதிற்பூச்சியையே உண்கின்றது. அதன் முட்டை, பகைவனின் முட்டைப் பையின்மேலேயே இடப்படுகின்றது. பொரித்த புழுவுக்கு உணவு காலடியில் இருக்கின்றது. செதிற்பூச்சி ஓரிடத்தில் ஒட்டிக்கிடக்க, வண்டோ சிறகுடையது. மரந்தோறும் பறந்து தேடவல்லது. செதிற்பூச்சியினும் விரைவாக அது தலைமுறை பெருக்குகின்றது. இறுதியிற் பூச்சி முற்றாக ஒழிந்துவிடவில்லை. சிறிதளவு பூச்சி எஞ்சியிருக்க, அதனை உண்டு சிறிதளவு வண்டும் எஞ்சியிருந்தது. இந்தச் சமநிலையே தோட்டத்துக்குக் காப்பு.

இதே செதிற்பூச்சி 1928 ஆம் ஆண்டிலே தமிழ் நாட்டின் நீலகிரி மலையில் வேலமரங்களிலே காணப்பட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இதே பொறிவண்டை வெளிநாட்டிலிருந்து தருவித்து அங்கே விட்டார்கள். வண்டு அங்கும் நிலைபெற்றது. பாக்கு நீரிணையின் இருகரைக்கும் இவ்வகை அனுபவம் அதற்கு முன்னரே உண்டு. நாகதாளி என நாம் கூறும் சப்பாத்துக்கள்ளியை அழித்த சாயப்பூச்சி, 1795 ஆம் ஆண்டிலே வேறொரு நோக்கத்துக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பட்டுக்குச் செஞ்சாயம் தரும் உயர்ந்த பூச்சியெனத் தவறாகக் கருதியே அதனைக் கொணர்ந்தனர். சாயம் கிட்டவில்லை; கள்ளி அழிந்தது. 1865 ஆம் ஆண்டளவில் அப்பூச்சி தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்து இங்கும் கள்ளியை அடக்கியது. 1926 ஆம் ஆண்டிலோ வேறொரு சாயப்பூச்சி இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குச் சென்று கைம்மாறு செய்தது.

இலங்கையிலே செதிற்பூச்சிகளை முறையாக ஆராய்ந்து நூலெழுதியவர் ஏர்ணஸ்ட் கிறீன். இலங்கைச் செதிற்பூச்சிகள் பற்றிய அவரது பெருநூல் 1896 முதல் 1922 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. கோப்பித் தோட்டங்களை வாட்டிய பச்சைச் செதிற்பூச்சிக்கு 1889 இல் அறிவியற் பெயர் இட்டவரும் அவரே. கோப்பி மறைந்தபின்னும் அப்பூச்சி மறையவில்லை. தேசியிலும் தோடையிலும் இன்றும் வாழ்கின்றது. சிறு எறும்புகள் சாரைசாரையாக ஏறியிறங்கும் கொப்பினை உற்று நோக்கினால் இலையின் நடுநரம்போரமாக இதனைக் காணலாம். எறும்பு இனிப்பு நீரைப் பெறுகின்றது. அதற்குக் கூலியாகப் பொறிவண்டையும் குளவியையும் விரட்டுகின்றது. எறும்பின் போக்குவரத்தை நிறுத்தினால், காவலர் தம் வேலையைத் தாமே செய்வர்.

மலைநாட்டுத் தேயிலையிலும் ஒரு படிப்பினை உண்டு. தேயிலையின் இலைச்சுருட்டிப் புழுவை அடக்குவதற்காக 1935, 1936 ஆம் ஆண்டுகளில் யாவாத் தீவிலிருந்து சிறு குளவியொன்று தருவிக்கப்பட்டது. அப்புழு பெருந்தொல்லையாயிருந்த நிலை மாறியது. இக்குளவிக்குப் பின்னர் நேர்ந்ததை அறியுமுன், உலகெங்கும் பூச்சிமருந்தின் கதை எவ்வாறு தொடங்கியது என்பதை நோக்குவோம்.

சுவிட்சர்லாந்து நாட்டவரான பவுல் முல்லர் 1939 ஆம் ஆண்டில் டி.டி.ரி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தார். 1948 இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். இம்மருந்தை இகழ்ந்து பேச வன்னியிலுள்ள எவருக்கும் வாய் எழாது. 1934, 1935 ஆம் ஆண்டுகளிலே மலேரியாக் கொள்ளைநோய் இலங்கை முழுவதிலும் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. காட்டையும் குளத்தையும் சூழ்ந்த வன்னிக் கிராமங்கள் தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சலால் மெலிந்தவை. 1946 முதல் வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. தெளிக்கப்பட, 1963 ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேரே. நோய் பின்னர் மீண்டெழுந்தது. நெடும்போராட்டத்தின் பின், 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. வன்னியின் குடியேற்றங்கள் நிலைத்தமைக்கு அம்மருந்தும் ஒரு காரணமாகும்.

ஆனால் வீட்டுச் சுவர் வேறு, பழத்தோட்டம் வேறு. சுவரிலே காக்கவேண்டிய காவலர் எவருமில்லை; தோட்டத்திலே உளர். கலிபோர்ணியாவின் தோடைத் தோட்டங்களிலே 1946, 1947 ஆம் ஆண்டுகளில் வேறு பூச்சிகளைக் கொல்வதற்காக டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. மருந்து பொறிவண்டைக் கொன்றது; பஞ்சுச் செதிற்பூச்சியையோ அவ்வளவாகத் தீண்டவில்லை. அறுபதாண்டுக்காலம் அடங்கிக்கிடந்த பூச்சி மீண்டும் மரங்களை வெண்மையாக மூடியது. தெளிப்பை நிறுத்தி, வண்டுகளைத் திரும்பக் கொணர்ந்து விட்டபின்னரே தோட்டங்கள் தேறின.

நம் நாட்டுத் தேயிலையிலும் இதுவே நிகழ்ந்தது. தண்டு துளைக்கும் வண்டைக் கொல்வதற்காக 1950 களின் பிற்பகுதியிலும் 1960 களிலும் டீல்ட்ரின் என்னும் மருந்தைத் தெளித்தனர். துளைக்கும் வண்டு குறைந்தது. ஆனால் யாவாவிலிருந்து வந்த குளவியும் மடிந்தது. இலைச்சுருட்டிப் புழு மீண்டும் தலைதூக்கியது. கடல் கடந்த இரு நாடுகளிலே, இருவேறு பயிர்களிலே, இருவேறு மருந்துகளால் விளைந்த விளைவு ஒன்றாகவே இருந்தது. ஆதலின் இதனைத் தற்செயல் என்று தள்ளிவிடல் இயலாது.

காரணம் இதுதான். மருந்து இரு சாராரையும் கொல்லும். இலைச்சுரங்கத்துள்ளும் செதிலின் அடியிலும் ஒளிந்திருக்கும் பகைவருள் சில தப்பும். மரமெங்கும் திரிந்து இரைதேடும் காவலரோ மருந்திலே தோய்ந்து மடிவர். தப்பிய பகைவருக்கு உணவு நிறைய உண்டு, உண்பார் இல்லை. ஆதலின் அவர் கூட்டம் விரைந்து பெருகும். காவலர் பெருகுவதற்கோ முதலில் இரை பெருகவேண்டும். அதுவரை அவர் பின்தங்குவர். பயிர் செய்பவர் பூச்சி மீண்டதைக் கண்டு மறுபடியும் தெளிப்பார். ஒவ்வொரு தெளிப்பிலும் மருந்தைத் தாங்கவல்ல பூச்சிகளே எஞ்சிப் பிள்ளை பெறும். பின்னர் மருந்தின் அளவு கூடும், கடனும் கூடும்.

இதனை உணர்ந்த கலிபோர்ணியப் பல்கலைக்கழக அறிஞர் நால்வர், 1959 ஆம் ஆண்டிலே ஒருங்கிணைந்த கட்டுப்பாடு என்னும் கொள்கையை வகுத்துரைத்தனர். பூச்சி இருப்பது மட்டுமே மருந்தடிக்கக் காரணமாகாது. அதனால் விளையும் நட்டம் மருந்துச் செலவை விஞ்சும் நிலை வரும்போதே மருந்தை நாடவேண்டும். அப்போதும் காவலரைக் காக்கும் வகையிலேயே நாடவேண்டும் என்பது அதன் சாரம். இக்காலத்திலேயே, 1956, 1957 ஆம் ஆண்டுகளில், தோடையின் செந்நிறச் செதிற்பூச்சியை அடக்கவல்ல சிறு குளவியொன்றை இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் கலிபோர்ணியாவுக்குக் கொண்டுசென்றனர். அங்குள்ள தோடைக்கு அது சிறந்த காவலனாயிற்று. இந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட கரிய பொறிவண்டு ஒன்று 1938 இல் சீசெல்ஸ் தீவுகளுக்குச் சென்று தென்னையின் செதிற்பூச்சியை அடக்கியது. நம் மண்ணிற் பிறந்த காவலரைப் பிறநாட்டார் தேடிவந்து கொண்டுசெல்கின்றனர். நம் வளவிலோ அவை பெயர் அறியப்படாமலே மடிகின்றன.

வன்னிக்கு வருவோம். 1970 களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் உள்ளூர் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தபோது, விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களில் அப்பயிர்கள் செழித்தன. தெளிகருவி கமக்காரனின் முதுகில் ஏறியது. மிளகாய்க்குக் கரைத்த மருந்தில் எஞ்சியதைத் தேசிக்கும் ஊற்றிவிடும் வழக்கம் அவ்வாறு வந்ததே. பின்னர் போரும் இடப்பெயர்வும் வந்தன. 2009 இன் பின் மீளக் குடியமர்ந்தோர் பலர், காடுபற்றிய வளவைத் துப்புரவாக்கிப் புதிய கன்றுகளை நட்டனர். அன்று நட்ட கன்றுகள் இன்று காய்க்கும் மரங்கள். ஒரு மரத்தை இழந்து மீண்டும் நட்டவருக்கு, இலையில் ஒரு புழுவைக் கண்டாலும் மனம் பதைக்கும். அப்பதைப்பு நியாயமானது. ஆயினும் பதைப்பிலே எடுக்கும் மருந்துப் போத்தலே மரத்துக்குப் பகையாகிவிடக்கூடும்.

அரசும் இவ்விடயத்தில் வாளாவிருக்கவில்லை. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1995 இலும் 1998 இலும் கொடிய நஞ்சுகள் சில தடைசெய்யப்பட்டன. 2021 ஆம் ஆண்டிலே இரசாயன உரமும் பூச்சிமருந்தும் நாட்டுக்குள் வருவது திடீரெனத் தடுக்கப்பட்டது. விளைச்சல் வீழ்ந்து கமக்காரர் இடருற்றதன்பின், அவ்வாண்டு முடியுமுன்னரே அத்தடை தளர்த்தப்பட்டது. மருந்தை ஒரேநாளில் நிறுத்திவிட்டால் காவலர் மறுநாளே வந்துவிடுவர் என்பதில்லை. மடிந்த படை மீண்டும் திரளக் காலம் வேண்டும். அவர் தங்க இடம் வேண்டும். அவரை அறிந்த கண்களும் வேண்டும்.

அக்காலத்தை எவ்வாறு கடப்பது? சில வழிகளைச் சுருக்கமாகக் கூறுகின்றேன். கிழமைக்கு ஒருமுறை, காலைவேளையில், மரத்தின் நாற்புறத்திலும் சில தளிர்களைத் திருப்பிப் பாருங்கள். பூச்சியை மட்டும் எண்ணாது, காவலரையும் எண்ணுங்கள். அழுக்கணவன் கூட்டத்தின் நடுவே பொறிவண்டின் புழுவைக் கண்டால் சில நாள் பொறுத்திருங்கள். வண்ணத்துப்பூச்சிப் புழுவை இளங்கன்றிற் கையாற் பொறுக்கிவிடலாம். பெரிய மரத்துக்கு அதனால் வரும் கேடு சிறிது. இலைச்சுரங்கப் புழுவும் அவ்வாறே. இளங்கன்றை வாட்டும், முதிர்ந்த மரத்தின் காய்ப்பைப் பெரிதும் குறைக்காது. நிலத்தைத் தொடும் கொப்புகளை வெட்டி, எறும்பு ஏறும் வழியைக் குறையுங்கள். முசுறு உள்ள மரமாயின், காய் பறிக்கும் நாளை எண்ணி அதனை வேரோடு அழித்துவிடாதீர்கள்.

மருந்து தேவைப்பட்டால், முதலிற் சவர்க்கார நீரையும் வேப்பங்கொட்டைச் சாற்றையும் நாடுங்கள். பூச்சி உள்ள கொப்பில் மட்டும், வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். பூத்திருக்கும் காலத்தில் தெளித்தால் தேனீயும் மடியும். மரத்தடியிலுள்ள பூண்டுகளை ஒன்றுவிடாமல் செருக்கிவிடாதீர்கள். சிறு குளவிகளுக்குத் தேன் தருவன அங்குள்ள சிறு பூக்களே.

பொறுமைக்கும் எல்லை உண்டென்பதை மறைக்கமாட்டேன். மரத்தை மெல்லக் கொல்லும் பசுமைநோயைப் பரப்பும் சிறு தத்துப்பூச்சி போன்றவை சில உள. அவை சிலவாக இருக்கும்போதே கேடு விளைப்பன. ஆதலின் நோய்க்குறி கண்டால் விவசாயப் போதனாசிரியரை உடனே அழைத்தல் வேண்டும். புதிதாய் வந்திறங்கும் வெளிநாட்டுப் பூச்சியை நம் காவலர் அறியமாட்டார். அப்போது பிறந்தகத்திலிருந்தே துணை வரவேண்டும். 2008 இல் மேல் மாகாணத்திலே பப்பாசியை வெண்மாப் படிந்தாற்போல மூடிய பூச்சி பரவியது. 2009 இல் புவெர்ட்டோ றிக்கோவிலிருந்து சிறு குளவியொன்று தருவிக்கப்பட்டு அதனை அடக்கியது. தமிழகத்திலும் அப்பூச்சி அதே காலத்தில் தோன்றி, அதே குளவியாலேயே அடங்கியது. கோபெலே சென்ற வழி இன்றும் திறந்தேயிருக்கின்றது என்பதற்கு இதனினும் அண்மைய சான்று வேண்டுவதில்லை. வந்த குளவியை வாழவிடுவதும் சாகவிடுவதும் மட்டும் நம் கையிலுள்ளன.

ஆசிரியர்களாகிய நாம் இதிலே செய்யக்கூடியது ஒன்றுண்டு. நம் பாடசாலைகள் பலவற்றின் வளவிலே தேசிமரம் நிற்கின்றது. வண்ணத்துப்பூச்சியின் முட்டை சிலவற்றைக் கொப்போடு எடுத்து, துணியால் வாய்கட்டிய கண்ணாடிப் போத்தலில் இட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தால் போதும். சில முட்டைகளிலிருந்து புழு வரும். சிலவற்றிலிருந்து கரிய சிறு குளவி வரும். முட்டை இட்டது ஒன்று, பிறந்தது மற்றொன்று என்பதைக் கண்ட பிள்ளை அதற்குக் காரணம் கேட்கும். அக்கேள்விக்கு விடை சொல்லும்போது, இங்கே நான் கூறிய வரலாறு முழுவதையும் சொல்லிவிடலாம். அப்பிள்ளை வீட்டுக்குச் சென்று, தகப்பனார் தெளிகருவியைத் தூக்கும் வேளையில், "ஐயா, கொஞ்சம் பொறுங்கோ, நான் முதல் இலையைப் பார்க்கிறேன்" என்று சொல்லுமாயின், அம்மரத்துக்குக் காவலன் ஒருவன் கூடிவிட்டான்.